நிறுவல் பொதிகளை எந்த சர்வரில் வைப்பது? கடல் தாண்டிய கிளை உள்ளவர்களுக்கு நான்கு வழிகள்

போர்ட் லூயிஸில் தலைமை அலுவலகம், கியூர்பிப்பிலும் மாயேபூரிலும் ஒவ்வொரு கிளை, ரோட்ரிக்ஸ் தீவின் போர்ட் மாத்துரினில் பதினைந்து கணினிகளோடு ஒரு சிற்றலுவலகம்: மொரிஷியஸில் நடுத்தர நிறுவனங்கள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய இதுதான். இத்தகைய அலுவலகங்களில் கணினிகளைப் பராமரிக்கும் நண்பர்கள், கோயில் வாசலில் சந்தித்தாலும் எபேனில் மதிய உணவுக்கு உட்கார்ந்தாலும், என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மென்பொருளை நிறுவுவதற்கான கோப்புத் தொகுதிகளை, அதாவது பொதிகளை, தலைமை அலுவலகத்தின் ஒரே ஷேரில், அதாவது வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறையில், வைத்திருப்பதா, கிளைதோறும் நகல் வைப்பதா, இதற்கென்றே ஒரு மேலாண்மை மென்பொருள் வாங்குவதா, அல்லது எல்லாவற்றையும் மேகத்துக்கு, அதாவது இணையவழிச் சேமிப்புக்கு, ஏற்றிவிடுவதா?

இந்தக் கேள்வியை அவர்கள் பெரும்பாலும் டிஸ்க் இடத்தைப் பற்றிய கேள்வியாகக் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் டிஸ்க் கடைசியாக வரும் கவலை. பொதிக்கு வைக்கும் முகவரி எத்தனை ஆண்டு மாறாமல் இருக்கும் என்பதும், ரோட்ரிக்ஸில் ஒன்று கெட்டுப்போனால் யார் போய்ப் பார்ப்பார் என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை. கீழே உள்ள ஒப்பீடு விண்டோஸ் டொமைன், அதாவது கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு, வைத்திருக்கும் அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல் முகவரி. ஒரு பொதியின் இருப்பிடத்தைப் பகிர்வுப் பாதையாகக் கொடுக்கும்போது, அந்தப் பாதை நிறுவும் நேரத்தோடு மறைந்துவிடுவதில்லை. எம்எஸ்ஐ (விண்டோஸின் சொந்த நிறுவல் கோப்பு) வகைப் பொதி, தான் எங்கிருந்து நிறுவப்பட்டது என்பதை ஒவ்வொரு கணினியின் அமைப்புத் தகவல் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் குறித்துக்கொள்கிறது. பின்னாளில் பழுதுநீக்கவோ, ஒட்டுப் போடவோ, விடுபட்ட ஒரு கூறைச் சேர்க்கவோ மூலக் கோப்பு தேவைப்பட்டால் அதே முகவரியைத் தேடிப் போகிறது. விண்டோஸ் 7 முதல் நிறுவியின் நகல் ஒன்று கணினியிலேயே முழுமையாகச் சேமிக்கப்படுவதால் சிறிய பொதிகள் தப்பித்துவிடுகின்றன. ஆனால் கேப் எனப்படும் தனித்தனிச் சுருக்கக் கோப்புகளோடு வரும் பெரிய பொதிகளுக்கு மூல இடம் இன்றும் வேண்டும்.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் பழைய கோப்பு சர்வரை அணைத்துவிட்டுப் புதியதை வேறு பெயரில் ஏற்றினோம். பொதிகள் அனைத்தும் புதிய இடத்தில் பத்திரமாக இருந்தன. மூன்று வாரம் கழித்து, கணக்குப் பிரிவில் ஒரு அம்மையார் அச்சிடும் பொத்தானை அழுத்தியபோது நிறுவி தானாகக் கிளம்பி, செல்லத்தக்க மூலம் கிடைக்கவில்லை என்று 1706 என்ற எண்ணுள்ள பிழையைக் காட்டி நின்றது. அவர் தொலைபேசியில் சொன்னது 'பா பே மார்சே' என்ற மூன்றே கிரியோல் சொல்: வேலை செய்யவில்லை. அந்த வாரத்துக்குள் இன்னும் முப்பது பேர் அதையே சொன்னார்கள்.

இரண்டாவது, இடையிலுள்ள பாதை. 2.5 ஜிபி பொதி ஒன்றை 10 எம்பிபிஎஸ் இணைப்பு வழியாக அனுப்பினால், இணைப்பு முழுவதும் நமக்கே கிடைத்தாலும் 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம் ஆகும். போர்ட் மாத்துரினின் பதினைந்து கணினிகளும் தனித்தனியாக இழுத்தால் எட்டேகால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரு முழு வேலைநாளின் மின்னஞ்சலும் வங்கிப் பரிமாற்றமும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். வேகத்தோடு தாமதத்தையும் கணக்கிட வேண்டும். கோப்புப் பகிர்வு நெறிமுறையில் ஒவ்வொரு சிறு கோப்பையும் திறக்கவும் படிக்கவும் மூடவும் பலமுறை போய்வர வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாயிரம் சிறு கோப்புகள் உள்ள ஒரு பொதியில், கோப்புக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 20 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், வெறும் காத்திருப்பே 20 நிமிடம். ரோட்ரிக்ஸுக்கு 2019-இல் கடலடிக் கம்பிவடம் வருவதற்கு முன், செயற்கைக்கோள் வழியாக ஒரு முறை போய்வரவே அரை விநாடி பிடித்த காலத்தில், இதே கணக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். அந்தக் காலத்தில் எழுதிய நடைமுறைகளை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கிளை இணைப்பை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பொதியின் முழுமையும் அனுமதியும். நிறுவல் பெரும்பாலும் கணினியின் சிஸ்டம் கணக்கில், எல்லா அதிகாரத்தோடும் நடக்கிறது. எனவே அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை உள்ள எவரும் நிறுவனத்தின் அத்தனை கணினிக்கும் நிர்வாகியே. அனைவருக்கும் முழு உரிமை என்று திறந்துவிட்ட பொதி ஷேர்களை நான் இன்றும் பார்க்கிறேன். வாசிக்கும் உரிமையிலும் கவனம் வேண்டும். நிறுவல் ஸ்கிரிப்ட்டுக்குள் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டு அதை எல்லாரும் படிக்கும் இடத்தில் போடுவது இங்கே அரிதான தவறு அன்று.

நான்காவது, புயல் பருவம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் அலுவலகம் காலியாகிவிடும். சர்வர் அறையில் ஆள் இருக்கமாட்டார், மின்சாரம் எப்போது போகும் என்றும் தெரியாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு, தரைத்தளத்தில் சர்வர் வைப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆட்களையும் பணத்தையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்க்கலாம்.

## வழி ஒன்று: தலைமை அலுவலகத்தில் ஒரே ஷேர்

எளிமையில் இதற்கு இணை இல்லை. ஒரு கோப்புறை, ஒரு அனுமதிப் பட்டியல், ஒரு பேக்கப். டொமைன் கணினிகளுக்கு மையத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக எம்எஸ்ஐ பொதியை ஒதுக்கினால் கூடுதல் உரிமக் கட்டணமும் கிடையாது. பொதி மாறிவிட்டதா, எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற ஐயங்களுக்கு இடமில்லை, ஏனெனில் இருப்பது ஒன்றே.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில் வருகின்றன. கணினிக்கு ஒதுக்கிய பொதி பயனர் உள்நுழைவதற்கு முன்பே நிறுவப்படுவதால், ஷேரை வாசிக்கும் உரிமை பயனருக்கு இருந்தால் போதாது. கணினிக் கணக்குகளுக்கு இருக்க வேண்டும். இதை அறியாமல் பயனர் குழுக்களுக்கு மட்டும் உரிமை கொடுத்துவிட்டு, தன் கணினியில் அந்தப் பாதை திறக்கிறது என்று சத்தியம் செய்பவர்களோடு நான் பல பிற்பகல்களைக் கழித்திருக்கிறேன். அடுத்து, 500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே அளக்கப்படும் இணைப்பை விண்டோஸ் மெதுவான இணைப்பு என்று கருதி, மென்பொருள் நிறுவலை இயல்பாகவே தவிர்த்துவிடும். பிழைச்செய்தி எதுவும் கண்ணில் படாது, மென்பொருள் வராது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை செய்பவருக்கும் இதே கதை: கணினி துவங்கும் நேரத்தில் விபிஎன் இணைந்திருக்காது.

எல்லாவற்றிலும் பெரிய செலவு நான் மேலே சொன்ன முகவரி. குரூப் பாலிசியில் ஒருமுறை ஒதுக்கிய பொதியின் பாதையைத் திரையில் போய்த் திருத்த வழியில்லை. புதிதாக ஒதுக்க வேண்டும், அது மறுநிறுவலில் முடியலாம். ஆகவே ஒரே சர்வர்தான் இருக்கிறது என்றாலும், அதன் சொந்தப் பெயரை எங்கும் எழுதாமல், டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் ஒன்றை, அதாவது உண்மையான சர்வரை மறைத்து நிற்கும் பொதுப் பெயர் ஒன்றை, உருவாக்கி, டொமைன் பெயரில் தொடங்கும் பாதையை மட்டும் கொடுங்கள். நேம்ஸ்பேஸுக்கு நகலாக்கம் கட்டாயமில்லை. பின்னால் ஒரே ஒரு சர்வர் இருக்கலாம். நாளை சர்வர் மாறினால் பின்னாலுள்ள இலக்கை மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை இது. இந்தக் கட்டுரையில் நிபந்தனையின்றி நான் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

இந்த வழி பொருந்துவது யாருக்கு என்றால், எல்லாக் கணினிகளும் ஒரே கட்டடத்திலோ, நல்ல ஃபைபர் இணைப்புள்ள இரண்டு மூன்று இடங்களிலோ இருப்பவர்களுக்கு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள எபேனுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையில் நகல் வைப்பது வீண்வேலை.

## வழி இரண்டு: டிஎஃப்எஸ் பெயரும் கிளைதோறும் நகலும்

பாதை ஒன்று, அதற்குப் பின்னால் சர்வர்கள் பல. போர்ட் மாத்துரின் கணினி அதே பாதையைக் கேட்டாலும் பக்கத்து அறையிலுள்ள சர்வரிடமிருந்து பெறுகிறது. தலைமை அலுவலகம் ஒருமுறை அனுப்பினால் போதும், எட்டு மணி நேரமாக இருந்தது 33 நிமிடமாகச் சுருங்குகிறது. நகலாக்கத்தை இரவு நேரத்துக்கு மட்டும் ஒதுக்கலாம், அலைவரிசைக்கு உச்சவரம்பு வைக்கலாம். விண்டோஸ் சர்வர் உரிமத்துக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடுவதால், நம்மூர் நடுத்தர நிறுவனங்களில் பலர் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் இங்கே நின்றவன் என்பதால் இதன் குறைகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணினி எந்த நகலிடம் போகும் என்பதை டொமைனின் தகவல் ஏடான ஆக்டிவ் டைரக்டரியில், எந்த ஐபி வரம்பு (சப்நெட்) எந்தக் கிளைக்கு (சைட்) என்று குறிக்கும் பட்டியல் தீர்மானிக்கிறது. புதிய கிளையில் ஐபி வரம்பை மாற்றிவிட்டு அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்தால், அங்குள்ள கணினிகள் எந்த சர்வரை வேண்டுமானாலும் பிடிக்கும். மாயேபூர் கணினி ரோட்ரிக்ஸிலிருந்து பொதியை இழுக்கும் வேடிக்கை அப்படித்தான் நடக்கிறது. கணினி ஒருமுறை பெற்ற பரிந்துரையை இயல்பாக 30 நிமிடம் நினைவில் வைத்திருக்கும் என்பதால், திருத்திய உடனே பலன் தெரியாமல் நாம் இன்னும் குழம்புவோம்.

நகலாக்கம் கோப்பு கோப்பாக நடக்கிறது. கோப்புறை முழுதும் ஒரே நேரத்தில் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. நிறுவும் கோப்பு வந்து, அதன் தரவுக் கோப்பு இன்னும் வரிசையில் காத்திருக்கும் வேளையில் கிளையில் ஒருவர் நிறுவத் தொடங்கினால் பாதியில் முறியும். தற்காலிகமாகக் கோப்புகளை நிறுத்தி வைக்கும் ஸ்டேஜிங் இடத்தின் இயல்பான அளவு 4 ஜிபிதான். நகலாகும் கோப்புகளில் மிகப் பெரிய 32 கோப்புகளின் கூட்டளவாவது அதற்கு இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் வழிகாட்டல். இயல்பான அளவிலேயே விட்டுவிட்டு 6 ஜிபி ஐஎஸ்ஓ (வட்டின் முழுப் படிமம்) கோப்புகளை உள்ளே போடுபவர்கள், நகலாக்கம் ஏன் ஊர்கிறது என்று வியப்பார்கள். அளவைக் கூட்டுங்கள், பதிப்பெண் தாங்கிய புதிய கோப்புறையில் மட்டுமே புதிய பொதியைப் போடுங்கள், பழைய கோப்பின் மேல் எழுதாதீர்கள், நிலுவை பூஜ்யமானதைப் பார்த்து, இரு பக்கமும் ஷா-256 ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை எண், ஒன்றா என்று ஒப்பிட்டு, அதன் பின் வெளியிடுங்கள்.

இனி, எனக்கு நேர்ந்தது. போர்ட் மாத்துரின் கிளையில் சர்வரின் டிஸ்க் நிறைந்துவிட்டது. அங்கே கணினியைப் பற்றி ஓரளவு தெரிந்த, மிகுந்த அக்கறையுள்ள ஒரு ஊழியர், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று எண்ணி, பழைய ஆண்டுகளின் பெயர் கொண்ட கோப்புறைகளை எல்லாம் அழித்துவிட்டு, மகிழ்ச்சியோடு தொலைபேசியில் எனக்குச் செய்தி சொன்னார். நான் பாராட்டிவிட்டு வைத்தேன். தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் போர்ட் லூயிஸ் சர்வரில் அந்தக் கோப்புறைகள் ஒவ்வொன்றாக மறைவதைத் திரையில் பார்த்தேன். நகலாக்கம் இரு திசையிலும் ஓடும் வகையில் அமைத்தது நான்தான். அழிந்தவை ஒரு தனிக் கோப்புறையில் சிறிது காலம் வைக்கப்படும் என்றாலும், அதற்கும் அளவு வரம்பு உண்டு. எங்கள் 90 ஜிபியில் பெரும்பகுதி அதற்குள் அடங்கவில்லை. பேக்கப் டேப்பிலிருந்து மீட்க இரண்டு நாள் ஆயிற்று. கிளை நகல்களை வாசிக்க மட்டும் என்று அமைக்கும் வசதி விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் இருக்கிறது. பொதிகளுக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் இப்போது ஏற்பதில்லை.

புயல் பருவத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். மின்சாரம் திடீரென்று போய் சர்வர் அணைந்தால், நகலாக்கத்தின் தரவுத்தளம் ஒழுங்காக மூடப்படவில்லை என்று குறித்துக்கொண்டு, அமைப்பைப் பொறுத்து, நீங்கள் கைப்படத் தொடரச் சொல்லும் வரை நின்றுவிடக்கூடும். நிகழ்வுப் பதிவேட்டில் 2213 என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு சர்வர் 60 நாளுக்கு மேல் விலகியிருந்தால், பழைய தரவு புதியதை மேலெழுதிவிடாதபடி அது திரும்பச் சேர்வதையே கணினி தடுத்துவிடும். கிளையில் பழுதான சர்வருக்கு உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆவது இங்கே புதிதா என்ன?

கிளைகள் மூன்று முதல் பத்து வரை, ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒரு சர்வர், பராமரிக்க இருவர் மூவர், மாதத்துக்குச் சில பொதிகள் என்ற நிலையில் இதுவே சிறந்தது.

## வழி மூன்று: கான்ஃபிகரேஷன் மேனேஜரும் அதன் விநியோக மையங்களும்

இன்றும் பலர் எஸ்சிசிஎம் என்றே அழைக்கும் மைக்ரோசாஃப்டின் இந்த மேலாண்மை மென்பொருள், பொதியைச் சேமிப்பதோடு, எந்தக் கணினிக்கு எது போயிற்று, எது தோற்றது என்ற கணக்கையும் தருகிறது. முந்திய இரு வழிகளும் இதைத் தருவதில்லை. கிளையில் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் எனப்படும் விநியோக மையத்தை வைத்தால், நேர அட்டவணை, வேக வரம்பு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புதல் எல்லாம் கைக்கு வரும். கணினிகள் பிட்ஸ் எனப்படும் விண்டோஸின் பின்னணிப் பதிவிறக்கச் சேவை வழியாகப் பதிவிறக்குவதால், இணைப்பு அறுந்து மீண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஷேரிலிருந்து நேரே நிறுவும்போது அறுந்தால் முதலிலிருந்துதான்.

டிஸ்க் கணக்கு இங்கே ஏமாற்றும். மூலக் கோப்புகளை நீங்கள் வைத்திருக்கும் ஷேர் ஒன்று. தலைமை சர்வரின் உள்ளடக்க நூலகத்தில் அதன் நகல் இன்னொன்று. ஒவ்வொரு விநியோக மையத்திலும் ஒன்று. கடைசியில் ஒவ்வொரு கணினியின் தற்காலிகச் சேமிப்பிலும், இயல்பாக 5 ஜிபி வரை. ஒரே கோப்பு பல பொதிகளில் வந்தால் நூலகம் அதை ஒருமுறைதான் வைக்கிறது என்பது ஆறுதல். ஆனால் அந்த நூலகத்தில் கோப்புகள் ஹேஷ் எண்களின் பெயரில் இருப்பதால், அவசரத்துக்கு உள்ளே போய் ஒரு நிறுவியைக் கையால் எடுத்துவிட முடியாது. எனவே மூல ஷேரை அழித்துவிட்டு நூலகத்தை நம்பியிருக்கலாம் என்று எண்ணாதீர்கள். மூல ஷேரின் பாதையையும் முன்பு சொன்ன டிஎஃப்எஸ் பெயராலேயே கொடுங்கள்; முந்நூறு பொதிகளின் பாதையை ஒவ்வொன்றாக மாற்றும் தண்டனை அதனால் தவிரும்.

நூலகம் எந்த டிரைவில் அமரும் என்பதை நிறுவும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அதிகக் காலியிடம் உள்ள டிரைவை அதுவே தேர்ந்துகொள்ளும். அந்த டிரைவ் நிறைந்தால் அடுத்ததற்குத் தாவும். சி டிரைவுக்குள் அது நுழையாமல் இருக்க, அதன் வேர்க் கோப்புறையில் நோ_எஸ்எம்எஸ்_ஆன்_டிரைவ்.எஸ்எம்எஸ் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை, ஆங்கில எழுத்தில், விநியோக மையத்தை நிறுவுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். பின்னர் வைத்தால் ஏற்கெனவே குடிபுகுந்தது வெளியேறாது. ஒருமுறை அமர்ந்த நூலகத்தைக் கோப்புறை நகர்த்துவதுபோல் இழுத்துப் போடவும் கூடாது. அதற்கென்று தனிக் கருவி உண்டு.

ரோட்ரிக்ஸ் போன்ற கிளைக்கு இதிலுள்ள ஒரு வசதி எனக்கு மிகப் பிடிக்கும். பொதிகளை முன்கூட்டியே ஒரே கோப்பாகக் கட்டி, வெளி டிஸ்க்கில் ஏற்றி, ஆள் கையில் கொடுத்தனுப்பி, அங்கே பிரித்துச் சேர்க்கலாம். 64 ஜிபி உள்ளடக்கம் 10 எம்பிபிஎஸ் வழியில் போக 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். விமானம் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும். புதிய கிளை திறக்கும்போதோ, சர்வர் முழுதாக மாறும்போதோ இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

செலவோ சிறிதன்று. உரிமம், எஸ்க்யூஎல் சர்வர் எனும் தரவுத்தளம், அதற்குத் தகுந்த நினைவகம், எல்லாவற்றுக்கும் மேலாக இதைப் படித்தறிந்த ஒருவரின் பாதி நேரம். எந்த சப்நெட் எந்த மையத்தைச் சேரும் என்று குறிக்கும் எல்லைக் குழுக்களில் ஒரு சப்நெட்டை விட்டுவிட்டால் அங்குள்ள கணினிகள் உள்ளடக்கத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே நாள்கணக்கில் நிற்கும். ஒரு விநியோக மையம் 4,000 கணினிகள் வரை தாங்கும் என்று வடிவமைக்கப்பட்ட ஒன்றை, பதினைந்து கணினிக்காக மட்டும் கட்டுவது தேங்காய் உடைக்கப் பாறை உருட்டுவதுபோல. இருநூறு முந்நூறு கணினிக்கு மேல் இருந்து, தணிக்கையாளர்கள் எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்று கேட்கும் வங்கி, காப்பீடு போன்ற துறையில் இருந்தால் செலவு நியாயமாகிவிடும்.

## வழி நான்கு: மேகத்தில் பொதி

மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கணினி மேலாண்மைச் சேவையான இன்டியூன் போன்ற ஒன்றில் பொதியை ஏற்றிவிட்டால் சேமிப்பிடத்தை நீங்கள் பார்க்கவே வேண்டாம். பொதி மறைகுறியாக்கப்பட்டு மைக்ரோசாஃப்டின் சேமிப்பில் இருக்கும். ஒரு பொதி 30 ஜிபி வரை இருக்கலாம். இணையம் உள்ள இடமெல்லாம் கணினிக்குக் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலை செய்வோர் மிகுந்த அலுவலகங்களுக்கு விபிஎன் தொல்லையிலிருந்து இது விடுதலை. மின்சாரம் போனாலும் வெள்ளம் வந்தாலும் பொதி பத்திரமாக இருக்கும்.

நம் இடத்துக்கே உரிய ஒரு கண்ணி இதில் உண்டு. பக்கத்துக் கணினியிடமிருந்து பொதியின் துண்டுகளைப் பெறும் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதி, இயல்பு நிலையில், ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் இருக்கும் கணினிகளை ஒரே இடத்தவை என்று கருதுகிறது. இங்கே பல நிறுவனங்களில் எல்லாக் கிளைகளின் இணையப் போக்குவரத்தும் தலைமை அலுவலகத்தின் ஒரே ஃபயர்வால் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே போர்ட் மாத்துரின் கணினியும் போர்ட் லூயிஸ் கணினியும் அதன் கண்ணுக்குப் பக்கத்து மேசைகள். துண்டுகள் கடலடி வழியாக இரு பக்கமும் பறக்கும், சேமிக்க வந்த வசதியே இணைப்பை நிரப்பும். கிளைவாரியாகக் குழு அடையாளம் கொடுங்கள், அல்லது ஒரே சப்நெட்டுக்குள் மட்டும் பகிரும்படி கட்டுப்படுத்துங்கள்.

நாட்டின் வெளி இணைப்பு மொத்தமும் 2002 முதல் இயங்கும் சேஃப் உள்ளிட்ட சில கடலடி வடங்களையே நம்பியிருக்கிறது. அவற்றில் ஒன்று பழுதுபடும் வாரத்தில் முப்பது கணினிகளைப் புதிதாக அமைக்க வேண்டி வந்தால், பொதியின் உள்ளூர் நகல் இல்லாததன் விலை தெரியும். சந்தா ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் வரும்; அது டாலரிலோ யூரோவிலோ இருந்தால் ரூபாயின் மதிப்போடு சேர்ந்து ஆடும். இன்டியூனுக்குப் பதில் பொதுவான மேகச் சேமிப்பில் நீங்களே பொதிகளை வைத்தால், வெளியே இறங்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதை விலைப்பட்டியலின் அடியில் தேடிப் படியுங்கள்.

ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனம், சொந்த சர்வர் அறையை மூட விரும்புபவர், பணியாளர்களில் பெரும்பாலோர் மடிக்கணினியோடு அலைபவர்: இவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒரே ஷேர் | டிஎஃப்எஸ் நகல்கள் | விநியோக மையங்கள் | மேகம் |
|---|---|---|---|---|
| முகவரி நிலைத்திருத்தல் | சர்வர் பெயரைக் கொடுத்தால் இல்லை | உண்டு | மூல ஷேரைப் பொறுத்தது | உண்டு |
| தீவுகளுக்கிடையே பளு | கணினிக்கு ஒருமுறை | கிளைக்கு ஒருமுறை | கிளைக்கு ஒருமுறை, அல்லது கையில் எடுத்துச் செல்லலாம் | சரியாக அமைத்தால் குறைவு, இல்லையேல் மிகுதி |
| டிஸ்க் | ஒரு மடங்கு | கிளைகளின் எண்ணிக்கைக்கேற்ப | எல்லாவற்றிலும் அதிகம் | நம் பக்கம் இல்லை |
| இணைப்பு அறுந்தால் | மீண்டும் முதலிலிருந்து | உள்ளூர் நகல் உதவும் | உள்ளூர் மையம் உதவும் | காத்திருக்க வேண்டும் |
| எது எங்கே போயிற்று என்ற கணக்கு | இல்லை | இல்லை | விரிவாக உண்டு | உண்டு |
| வேண்டிய ஆள் | பகுதிநேரம் ஒருவர் | அனுபவமுள்ள ஒருவர் | இதற்கென்றே ஒருவர் | ஓரளவு பயின்ற ஒருவர் |

கிளையில் நாஸ் எனப்படும் ஒரு சிறு வலைச் சேமிப்புப் பெட்டியை வைத்து, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியின் ஸ்கிரிப்ட்டால் இரவில் நிரப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், ஒரே ஒரு தொலைக் கிளைக்கு அது மலிவானதும்கூட. அறுந்தால் தொடரும் விருப்பத்தையும், பாக்கெட்டுகளுக்கு இடையே இடைவெளி விடும் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போல் பிரதி செய்யும் விருப்பம் இலக்கில் மிகுதியாக இருப்பவற்றை அழித்துவிடும் என்பதால், மூலப் பாதை வெறுமையாக இருக்கும் நாளில் அது என்ன செய்யும் என்று ஒருமுறை யோசித்த பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.

## என்னைக் கேட்ட அலுவலகத்துக்குச் சொன்னது

அண்மையில் என்னிடம் இதே கேள்வியோடு வந்த அலுவலகத்தில் மொத்தம் 120 கணினிகள், நான்கு இடங்கள், பராமரிக்க இருவர். அவர்களுக்கு இரண்டாம் வழியைச் சொன்னேன்: போர்ட் லூயிஸில் எழுதும் இடம் ஒன்று, ரோட்ரிக்ஸில் வாசிக்க மட்டுமான நகல் ஒன்று, கியூர்பிப்புக்கும் மாயேபூருக்கும் இணைப்பு நன்றாக இருந்ததால் நகல் தேவைப்படவில்லை. வெளியில் சுற்றும் இருபது மடிக்கணினிகளை மட்டும் மேகத்துக்கு மாற்றினோம். நான்கு வழிகளில் ஒன்றை மட்டுமே தேர்ந்தாக வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

மாற்றத்தை அக்டோபருக்குள் முடிக்கச் சொன்னேன். ஜனவரியில் தொடங்கினால் புயல் எச்சரிக்கைக்கும் தைப்பூசக் காவடி விடுமுறைக்கும் நடுவே பாதி நகலோடு நிற்க நேரும். பழைய ஷேரை உடனே மூடவும் வேண்டாம் என்றேன். அதை வாசிக்க மட்டுமாக்கி, கோப்புத் திறப்புகளின் தணிக்கைப் பதிவை இயக்கி, வாரம் ஒருமுறை யார் இன்னும் அங்கே வருகிறார் என்று பார்க்கச் சொன்னேன். முதல் மாதம் பதினோரு கணினிகள் வந்தன. அவற்றின் நிறுவல் மூலப் பட்டியலில் புதிய பாதையைச் சேர்த்ததும் எண்ணிக்கை இரண்டாயிற்று, பிறகு பூஜ்யமாயிற்று. ஐந்து மாதம் பூஜ்யமாகவே இருந்ததைக் கண்டு, பராமரிக்கும் இருவரில் இளையவர், "அண்ணே, இப்போதாவது மூடிவிடலாமா?" என்று கேட்டார். ஜூன் முடியட்டும் என்றேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில், மாயேபூர்க் கிளையின் ஓரத்து அறையில் அந்த ஒரு வேலைக்காக மட்டும் ஆண்டுக்கொருமுறை இயக்கப்படும் ஒரு கணினி, அச்சு வடிவம் ஒன்றைத் தேடிக்கொண்டு பழைய ஷேருக்கு வந்து சேர்ந்தது.